கணினிக்கும் வினைச்சொல் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்சூரில் என் வீட்டில் ஞாயிறுதோறும் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளன் நான். தொடக்க மொழியாக நான் எடுத்துக்கொள்வது, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் வானொலித் தொலைநோக்கியை இயக்கப் பயன்பட்ட, சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த். இதில் எண்களை முதலில் அடுக்கில் (எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் நினைவகப் பகுதியில்) வைத்து, செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்ல வேண்டும்: 3 4 +. ஆங்கில வழியில் படித்தவர்கள் இதைத் தலைகீழ் முறை என்பார்கள். 'மூன்றையும் நான்கையும் கூட்டு' என்று பேசும் பிள்ளைகளுக்கு இதுதான் நேர்முறை.

கட்டளைகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்க விரும்பி, ஃபோர்த் ஆர்வலர் குழு 1970களின் இறுதியில் பொதுவுடைமையாக விட்ட பழைய இன்டர்பிரெட்டரின் (கட்டளைகளைப் படித்து உடனே இயக்கும் மென்பொருளின்) வழியைப் பின்பற்றி ஒன்றை எழுதத் தொடங்கினேன். அந்தப் பழைய அமைப்பு ஒரு பெயரின் கடைசி பைட்டில் (எட்டு பிட் கொண்ட நினைவக அலகில்) உச்ச பிட்டை 1 ஆக்கி, பெயர் அங்கே முடிவதாகக் குறித்துக்கொள்ளும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்க இன்று பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு பைட்டிலும் அந்த பிட் ஏற்கெனவே 1 என்பதால், எந்தத் தமிழ்ப் பெயரும் தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோனது. பெயருக்கு 31 பைட்டுகளே எல்லை என்பது அடுத்த தடை. 'கூட்டுத்தொகை' என்ற ஒரு சொல்லே 36 பைட்டு. (மொழிக்கு நான்காவது என்ற பொருளில் 'Fourth' என்று வைத்த பெயர், கோப்புப் பெயருக்கு ஐந்தே எழுத்தை அனுமதித்த ஐபிஎம் 1130 கணினியால் ஓர் எழுத்தை இழந்துதான் 'Forth' ஆனது.) இரண்டையும் மாற்றிய பிறகும் 'கொடு' என்ற கட்டளை ஒரு மாணவிக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அவளுடைய விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியீடாக அனுப்பாமல், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்து அனுப்பியதே காரணம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இப்போது பெயரைத் தேடுமுன் இரண்டும் ஒரே வடிவுக்கு மாற்றப்படுகின்றன. தமிழ் எண்களையும் ஏற்கும்படி செய்தேன். அவற்றை இதுவரை யாரும் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

இதை மூலநிரலோடு (நான் எழுதிய நிரல் வரிகளோடு) இலவசமாகத் தர இருக்கிறேன். மென்பொருளை மட்டும் கொடுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மூலநிரல் வெளிவராத தமிழ் எழுத்துருக்களும் தட்டச்சு மென்பொருள்களும் பழைய விண்டோஸோடு நின்றுபோனதைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கலாகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்வதால், மூலநிரலைக் கொடுத்துவிட்டு உரிமத்தைக் குறிப்பிடாமல் விட்டால், அதைத் திருத்த முனைபவர் சட்டப்படி தயங்க வேண்டியிருக்கும். ஆகவே திருத்தவும் மறுபடி பகிரவும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தோடு தருகிறேன்.

தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு ஃபோர்த் நிரல் வெளியிட வேண்டுகிறேன். இடம் அதிகம் பிடிக்காது. எண்ணை அதே எண்ணால் பெருக்க

: சதுரம் நகலெடு * ;

என்ற ஒரு வரி போதும். இப்படி உருவாகும் 'சதுரம்' என்ற புதுக் கட்டளை, அடுக்கின் உச்சியில் உள்ள எண்ணை நகலெடுத்து இரண்டையும் பெருக்கும். 'நகலெடு' என்பதற்கு முதலில் 'இரட்டி' என்று வைத்திருந்தேன். பிள்ளைகள் அதை இரண்டால் பெருக்குவது என்று புரிந்துகொண்டதால் மாற்றினேன். அடுக்கின் மேலிருந்து இரண்டாவதாக உள்ள எண்ணை நகலெடுத்து உச்சியில் வைக்கும் 'ஓவர்' என்ற கட்டளைக்கு மட்டும் பொருத்தமான ஒற்றைச் சொல் இன்னும் கிடைக்கவில்லை. தங்கள் வாசகர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.