காலாண்டு முடிந்தது, அப்புறம் அந்தத் ‘தொட்டி’ விஷயம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோகோவில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள், பேச்சுப் போட்டியில் பரிசு வந்தது, எட்டாம் வகுப்பு கீழடி அருங்காட்சியகம் போய் வந்தது, கழிப்பறைக் கதவு இரண்டையும் மாற்றியாச்சு. எல்லோருக்கும் பாராட்டு.

சரி, ஆறாம் வகுப்பு ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான் என்று உங்களில் பலருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

போன வாரம் ஆசிரியை சில சொற்களைக் கொடுத்தார். எல்லாமே ஓ, யு, ஜி, ஹெச் என்று முடிபவை. கடைசி நான்கு எழுத்தும் ஒன்றுதான், ஆனால் வாசித்தால் தோ, த்ரூ, டஃப், காஃப், ப்ளவ் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும். அந்த ஜி-ஹெச் ஒரு காலத்தில் தொண்டையைக் காறுகிற மாதிரி ஓர் ஒலியாக இருந்தது. 1476-ல் கேக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார், அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் இறுகிவிட்டது, வாய் மட்டும் தன் போக்கில் போய், சில சொல்லில் அந்த ஒலியை விழுங்கிவிட்டது, சிலதில் ‘ஃப்’ ஆக்கிவிட்டது. அமெரிக்காக்காரர்கள் ப்ளவ் என்ற சொல்லில் ஜி-ஹெச்சை வெட்டிவிட்டு பி-எல்-ஓ-டபிள்யூ என்று எழுதிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு சொல்லாகப் பழகித்தான் ஆக வேண்டும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, நம்ம ஊர்ப் பேச்சிலேயே அர்த்தம் எழுதி, கூடவே ஒரு வாக்கியமும் எழுதி வரச் சொன்னார்.

வந்த நோட்டுகளை நானும் பார்த்தேன். பாதிக்கு மேல் ‘த்ரூ’ என்றால் தொட்டி என்று இருந்தது. யாரோ ஒருவர் அர்த்தம் பார்க்கப் பட்டியலைப் போனில் போடும்போது, டி-க்கு அடுத்து வருகிற ஹெச்சை விட்டிருக்கிறார். அந்த ஹெச் போனால் அது ட்ராஃப், மாட்டுக்குக் கழுநீர் ஊற்றுகிற தொட்டி. அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, மற்ற வீடுகளில் பார்த்து எழுதிவிட்டார்கள். கீழே ரயில் குகை வழியாகப் போனது என்ற வாக்கியம் சரியாகவே இருக்கிறது, அதற்கு நேர் மேலே தொட்டி! எழுதிய பிள்ளை இரண்டில் ஒன்றையாவது வாசித்திருந்தால் சிரித்திருக்கும்.

கேட்டு எழுதிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். ‘பவ்’ என்பதற்கு ஒரு பையன் ‘வேப்பங்கொப்பு’ என்று எழுதியிருந்தான். வீட்டில் யாரோ அதை அடித்துவிட்டு ‘கிளை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள், கொப்பு சரிதான், நல்ல சொல்லும்கூட. பரோட்டாக் கடையில் வேலை பார்ப்பவரின் மகள் ‘டோ’ என்பதற்கு ‘அப்பா பிசைந்து உருட்டி வைக்கிற மாவு’ என்று எழுதிவிட்டு, அப்போ இட்லி மாவும் டோ தானா டீச்சர் என்று கேட்டிருக்கிறாள். இல்லை, கரைத்து ஊற்றுகிற மாவு பேட்டர், காய்ந்த பொடியாக இருப்பது ஃப்ளவர், நாம் மூன்றையும் மாவு என்கிறோம். அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்க இதிலேயே போனதாம், பாடம் முடியவில்லை என்று ஆசிரியை என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமே இல்லை.

தொட்டிக்குத் தப்பு போட்ட அன்று இரவு பதினொரு மணிக்கு அதே குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ‘அந்த டீச்சருக்கே இங்கிலீஷ் தெரியாது, போன்ல பார்த்துட்டுத்தானே எழுதினோம்’ என்று. ஆசிரியை அதைத் தன் வீட்டில், தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். இதை நான் விட மாட்டேன். குறை இருந்தால் மாலை நான்கரைக்குள் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம், தப்பு எங்கள் பக்கம் என்றால் மன்னிப்புக் கேட்கிறேன். ஓர் ஆசிரியரைக் குழுவில் வைத்துப் பேசுவது இதுவே கடைசியாக இருக்கட்டும். திங்கள் முதல் அந்தக் குழுவில் பள்ளி மட்டும்தான் செய்தி போடும்.

கோபத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் பதற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. கல்லூரி முதல் வருடம் வகுப்பில் எழுந்து நின்று ‘காஃப்’ என்பதைக் ‘கவ்’ என்று வாசித்தவன் நான். வகுப்பே சிரித்தது, அதற்கப்புறம் ஒரு மாதம் கடைசி பெஞ்சை விட்டு நான் நகரவில்லை. நாம் பட்டது பிள்ளை படக் கூடாது என்றுதான் நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். ஆனால் ஆறாம் வகுப்பில், தெரிந்த முகங்களுக்கு முன்னால் தப்பாக வாசித்தால் நஷ்டம் அரை மதிப்பெண்தான்.

வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளையோடு உட்காருகிற எல்லோருக்கும் நன்றி. படம் போட்டவருக்கும் சேர்த்துத்தான், உதவத்தான் போட்டார் என்று தெரியும், யார் என்று நான் விசாரிக்கவில்லை. பட்டியலைப் பிள்ளைகள் திரும்ப எழுதி செவ்வாய்க்கிழமை கொண்டுவரட்டும், பேனா அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அப்பத்தா, தாத்தா வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் ட்ராஃப் என்பதையும் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

அன்புடன்,
தலைமையாசிரியர்