ரோமர் வரும் முன்பே சுவர் காய்ந்திருக்கட்டும்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழ் ஆசிரியர்களுக்கும் வகுப்பு உதவியாளர்களுக்கும்,

வணக்கம். இரும்புக்கால பிரிட்டனும் ரோமப் பேரரசும் ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் இருக்கின்றன. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வேடம் போட்டு வரும் ஒரே ஒரு ‘ரோமர் நாளோடு’ இரண்டையும் முடித்துவிடாதீர்கள். இரும்புக்கால பிரிட்டனில் வாழ்ந்த கெல்ட் மக்களின் வீட்டைப் பிள்ளைகள் கட்டி முடித்த பிறகே ரோமப் படை வகுப்புக்குள் வரட்டும். பல இடங்களில் கெல்ட் மக்கள் முகத்தில் நீலச் சாயத்தோடு வந்து, கேடயங்களில் மோதித் தோற்று, மதியச் சாப்பாட்டுக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். கி.பி. 43இல் ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை வந்திறங்கியபோது இங்கே உழவும் இரும்பு வேலையும் சொந்த நாணயங்களும் இருந்தன என்பது பிள்ளைகளுக்கு எட்டுவதே இல்லை.

கெல்ட் மக்களின் வட்டவீட்டு மாதிரியில் தொடங்குங்கள். 24 செ.மீ. அகலக் களிமண் தட்டில் 20 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் கீறி, வாசலுக்கு 6 செ.மீ. விட்டு, 12 செ.மீ. உயர மூங்கில் குச்சிகள் 16 நடுங்கள். ஓரிரவு இறுகவிடாமல் குச்சிகளுக்கிடையே சணலைப் பின்னத் தொடங்கினால், அதை இழுக்க இழுக்கக் குச்சிகள் எல்லாம் உள்ளே சாயும். குச்சிகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்று சில செய்முறைத் தாள்கள் சொல்லும். அது கூடைக்குச் சரி. வாசல் உள்ள வீட்டில் சணல் வாசற்குச்சியைச் சுற்றித் திரும்பிவிடுவதால் எந்த எண்ணிக்கையிலும் பின்னல் மாறி மாறியே விழும். வழக்கமாக நடக்கும் தவறு வேறு: பின்னும் வேகத்தில் வாசலையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்!

பூச்சுக்குக் களிமண் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, 2 செ.மீ. அளவில் நறுக்கிய வைக்கோல் ஒரு கைப்பிடி. மணல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். ஹீட்டர் மேல் வைத்தால் எப்படிக் கலந்தாலும் வெடிக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இரு பக்க மண்ணும் பின்னல் வழியே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நம் ஊர் வரிச்சுச் சுவரைப் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் அன்றைக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் சாணம் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் பள்ளிக்குள் வேண்டாம்.

கூரைக்கு 17 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்து, 105 பாகைத் துண்டை வெட்டி எடுங்கள் (ஒட்டுவதற்கு 1 செ.மீ. விட்டு). சுருட்டினால் 45 பாகைச் சரிவும் 2 செ.மீ. இறவாரமும் கிடைக்கும். வெட்டும் துண்டு நீண்ட விளிம்பைப் பார்த்திருந்தால் ஒரே ஏ3 அட்டையில் அடங்கும். உச்சியில் புகை போக ஓட்டை போடப் பிள்ளைகள் துடிப்பார்கள். விடாதீர்கள். ஹாம்ப்ஷயரின் பட்சர் பழம்பண்ணையில் முழு அளவு வீடுகளையே கட்டிப் பார்த்திருக்கிறார்கள்: ஓட்டை வைத்தால் காற்றின் இழுப்பு கூடித் தீப்பொறி கூரைக்கு ஏறும். ஓட்டை இல்லாமலே புகை வைக்கோல் வழியே கசிந்து வெளியேறிவிடும்.

ரோமர் பக்கத்தில் நாங்கள் முதலில் வைப்பது மெழுகுப் பலகை, அதாவது மெழுகு ஊற்றி எழுத்தாணியால் கீறி எழுதும் மரப்பலகை. 10க்கு 7 செ.மீ. பள்ளம், 2 மி.மீ. ஆழம் என்றால் பலகைக்கு 14 கிராம் தேன்மெழுகு போதும். முப்பது பேருக்குச் சிந்தலோடு 500 கிராம். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் கூடாது. ஊற்றுவது பெரியவர்கள் வேலை, அதுவும் முந்தைய மாலையில். கரித்தூள் சேர்த்தால் கீறல் தெளிவாகத் தெரியும். குளிர்ந்த பலகையில் ஊற்றினால் மெழுகு ஓரத்தில் பிரிந்து வரும்.

மெழுகு மெல்லியதாக இருந்தால் எழுத்தாணி ஊடுருவி மரத்தையே கீறும். அந்தப் பலகையைத் தூக்கி எறியாதீர்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. லண்டனில் புளூம்பெர்க் நிறுவனக் கட்டட நிலத்தில் 2010 முதல் 2014 வரை நடந்த அகழாய்வில் 400க்கும் மேற்பட்ட ரோமர் காலப் பலகைகள் கிடைத்தன. மெழுகு போய்விட்டது, மரத்தில் பதிந்த கீறல்களை வைத்தே படித்தார்கள். அவற்றில் ஒன்று கி.பி. 57 சனவரி 8 தேதியிட்ட 105 தெனாரியக் (ரோம வெள்ளி நாணயம்) கடன் பத்திரம். மூன்று, நான்கு ஆண்டுகளில் ரோமரை எதிர்த்துக் கிளர்ந்த பிரிட்டன் அரசி பூதிக்காவின் படை அந்த ஊரையே எரித்தது. மெழுகைச் சுரண்டி எடுத்த பலகைகளை மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மொசைக் செய்வதென்றால் 12 செ.மீ. சதுரம் போதும், 1 செ.மீ. துண்டுகளாக 144 வரும், அதற்கு மேல் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்.

கேடயத்துக்கு அட்டைப்பெட்டியின் நெளிவரிகள் மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்டுங்கள். குறுக்கே ஓடினால் வளைக்கும்போது மடிந்துவிடும். உயரம் 75 செ.மீ. கைக்கு இரண்டு பட்டை வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ரோமக் கேடயத்துக்கு நடுவில் குறுக்காக ஒரே பிடிதான். பட்டையில் முழங்கை மாட்டிக்கொண்டால் ஆமை அணியில் (கேடயங்களைச் சேர்த்து ஆமை ஓடுபோல் மூடிக்கொள்ளும் அணிவகுப்பு) பின்வரிசைப் பிள்ளைகளால் கேடயத்தைத் தலைக்கு மேல் தட்டையாகப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
செய்முறை வழியில் வரலாறு கற்பிப்போர் சிலர்