செயலாளரின் ஆண்டறிக்கை: நடந்து பார்த்த சென்னை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. நடவடிக்கைக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஊரைச் சுற்றிப் பார்க்க நம் சங்கம் நடத்தும் நடைகளைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள் உளப்புவியியல். 1950களில் பாரிசில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கி தெபோரும் நண்பர்களும் கைக்கொண்ட பழக்கம் இது. வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஊரைச் சுற்றி, எந்தத் தெரு ஆளை உள்ளே இழுக்கிறது, எது வெளியே தள்ளுகிறது என்று கவனிப்பது. "வேலையில்லாமல் சுற்றுவதற்கு ஒரு சங்கமா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்ட உறுப்பினர், இவ்வாண்டு ஒரு நடையையும் தவறவிடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மெரினாவில் தொடங்கினோம். ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை, நம்மில் பெரும்பாலோர் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் போய் ஒரு சுற்று வந்தால் அது வேறு சிலை. பாறையை நெம்பும் நால்வரின் முதுகும் கெண்டைக்காலும் முறுக்கேறி நிற்கின்றன. கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவர் இதற்கு மாதிரியாக நின்றார் என்று சொல்வார்கள். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான்.

அங்கிருந்து தெற்கே, 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகள். கண்ணகியின் முன் கூட்டம் வெகுநேரம் நின்றுவிட்டது. 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட இந்தச் சிலை 2006 ஜூனில் திரும்ப வந்த கதையை மூத்தவர்கள் சொல்ல, இளையவர்கள் கேட்டார்கள்.

அடுத்துப் போனது கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000 முதல் குடியமர்த்திய இடம். நகரின் நடுவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 2020இல் தெருவோவியங்களுக்கான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளையின் முயற்சியில் அடுக்குமாடிச் சுவர்கள் முழுக்க ஓவியங்கள் ஏறின. படம் எடுக்க வருகிறவர்கள் உண்டு. நாம் கத்தரிக்கோலும் பசையும் கொண்டுபோனோம்.

1957இல் தெபோர் பாரிஸ் வரைபடத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, அம்புக்குறிகளால் இணைத்து ஒட்டினார். அதே வேலையைச் சென்னை வரைபடத்தில் செய்யும்படி அங்குள்ளவர்களைக் கேட்டோம். ஓர் அம்மா, வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும் ஐ.டி. கட்டடங்களை வெட்டி ஒதுக்கிவிட்டார். கண்ணகி நகரையும் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். இடையில் ஓர் அம்பு. அது மார்க்கெட்டை நோக்கி மட்டும். "திரும்பி வர்றதுக்கு ஒண்ணு போடலையா?" என்று கேட்டதற்கு, "வரத்தான் வேணும், அதுக்கு எதுக்குப்பா அம்பு?" என்றார்.

சுவர் ஓவியங்களைப் பற்றியும் அவரைக் கேட்டோம். "முன்னல்லாம் ஏரியா பேரைச் சொன்னா வேலை குடுக்க யோசிப்பாங்க. இப்ப, படம் வரைஞ்சிருக்கே அந்த எடமான்னு கேக்கறாங்க" என்றார். இது சிறிய லாபமில்லை. சுவரில் வண்ணம் அடித்து என்ன ஆகப்போகிறது என்று பேசும் நம் நண்பர்கள் கவனிக்க. ஆனால் கண்ணகி சிலை ஐந்து ஆண்டுக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இவர்களுக்கு அப்படி ஓர் ஆணை வரவில்லை.

நம் பேட்டையின் பாலத் தூணில் ஓவியம் வரைய அனுமதி கேட்ட மனு எந்த மேசையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குள் அந்தத் தூணில் காதணி விழாப் போஸ்டர் ஏறிவிட்டது. அதற்கு யாரும் மனுப் போட்டதாகத் தகவல் இல்லை.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வேன் வாடகையும் வரைபட அச்சும்தான் பெரிய செலவுகள்.

ஒட்டிய வரைபடங்களைக் கலைக்கூடம் ஒன்றில் காட்சிக்கு வைக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. முதலில் கண்ணகி நகரிலேயே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இதையும், பெண் உறுப்பினர்கள் கேட்டிருக்கும் இரவு நடையையும், சந்தா உயர்வையும் பொதுக்குழுவின் முடிவுக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்