ஹோம்ஸின் மறுபக்கம்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ஷெர்லொக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளைப் புகழ்ந்து வெளியான கட்டுரையை வாசித்தேன். 1887 முதல் 1927 வரை நீண்ட அத்தொடரின் விறுவிறுப்பை மறுப்பதற்கில்லை. ஹோம்ஸின் நண்பர் வொட்சனின் குண்டுக்காயம் முதல் நாவலில் தோளிலும் அடுத்ததில் காலிலும் இருப்பதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் 1890இல் வந்த அந்த இரண்டாம் நாவல் (The Sign of the Four), அதில் கொலைகாரனாக வரும் அந்தமான் தீவுவாசியை மிருகமாகவே சித்திரிக்கிறது. கட்டுரையாளர் இதைக் கண்டுகொள்ளவேயில்லை. தோட்டத்துத் துரைமார் நம் பாட்டன்மாரைப் பார்த்த பார்வையும் ஏறத்தாழ இதுதானே!

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அப்பகுதியை வாசித்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, "கொலைகாரனைவிட அவனை எழுதியிருக்கிற விதந்தான் பயமா இருக்கு சேர்" என்றாள். இத்தகைய இளம் வாசகர்களின் விமர்சனங்களுக்கும் ஞாயிறு இதழில் அரைப்பக்கம் ஒதுக்கலாம்.

ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.