எம்டனின் பீரங்கியைப் பெரிதாக்க வேண்டாம்

ஓசூர் மேசைக் கடற்போர்ப் (பொம்மைக் கப்பலும் பகடையும் வைத்து ஆடும் ஆட்டம்) போட்டிக்கு விதி எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்டக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம். முதல் உலகப் போரில் ஜெர்மன் கப்பல் எம்டனும் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியும் மோதியதற்கான உங்கள் வரைவில் இரு கப்பலுக்கும் ஒரே பீரங்கி மதிப்பு இருக்கிறது. ஆட்டம் ஒருபக்கமாகச் சாயக்கூடாது என்ற அக்கறை சரி. ஆனால் அதற்கு இது வழியல்ல.

1914 நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவருகே எம்டனிடம் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, சிட்னியிடம் 15.2 செ.மீ. பீரங்கிகள் எட்டு. ஒரே பக்கம் சுட இரண்டிலும் ஐந்துதான் திரும்பும். எம்டனின் குண்டு ஏறத்தாழ 17 கிலோ, சிட்னியுடையது 45. வேகத்திலும் சிட்னிதான் முந்தி. எம்டனால் தப்பி ஓட முடியாது. எம்டனின் பலம் குறியில் இருந்தது. சுமார் 9,500 மீட்டரிலேயே குண்டு விழ, சிட்னியின் தொலைவுமானி ஒன்று தொடக்கத்திலேயே போயிற்று. ஆகவே முதல் 4 சுற்றுக்கு எம்டனின் பகடைக்கு +1 கொடுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள்.

சமநிலையை வெற்றி நிபந்தனையில் வையுங்கள். காலை 9:40க்குத் தொடங்கிய சண்டையில் எம்டன் 11:20க்குப் பவளப்பாறையில் ஏற்றப்பட்டது. சுற்றுக்கு 3 நிமிடம் என்றால் 33 சுற்று. அதைத் தாண்டி மிதந்தால் எம்டன் ஆடுபவருக்கு வெற்றி. டார்பிடோ வீச்சுக்குள் நெருங்கினாலும் புள்ளி உண்டு. எம்டனின் கேப்டன் முல்லர் முயன்றதும் அதுதான்.

அளவெடுப்பிலும் கோளாறு இருக்கிறது. 6க்கு 4 அடி மேசையில் 1 செ.மீ.க்கு 100 மீட்டர் வைத்தால் 9,500 மீட்டர் 95 செ.மீ.யில் அடங்கும், 1 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குச் சுற்றுக்கு சுமார் 9 மி.மீ. நகர்த்தினால் போதும். ஆனால் 1:2400 அளவில் செய்த எம்டன் பொம்மையே 49 மி.மீ. நீளம், அதாவது மேசைக் கணக்கில் அரை கிலோமீட்டர்! ஒருவர் முனையிலிருந்தும் இன்னொருவர் வாலிலிருந்தும் அளந்தால் வீச்சுப் பட்டையே (எவ்வளவு தொலைவுக்கு எந்த விதி என்ற பிரிவு) மாறிவிடும். ஆட்டக்காரர்களுக்குள் தகராறு வருவது அங்கேதான். 65க்கு 20 மி.மீ., 2 மி.மீ. தடிமன் அக்ரிலிக் அடித்தட்டை ஓசூரிலேயே லேசர் கட்டிங்கில் வெட்டி, கப்பலின் நடுவுக்கு நேர்கீழே ஒரு புள்ளி போடுங்கள். புள்ளிக்குப் புள்ளி அளப்பதே விதியாகட்டும்.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை பெயரில் வைத்த ‘செண்பகராமன் அட்டை’யையும் நீக்குங்கள். அவர் எம்டனில் இருந்ததற்கு ஆவணச் சான்று இல்லை.

சோதனை ஆட்டங்களில் எம்டன் தொடர்ந்து தோற்றால் 33ஐ 28 ஆக்குங்கள், போதாவிட்டால் 25. பீரங்கியைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்டக்காரர்கள்