கம்பியையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் மின்சாரத் தேவை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி யூனிட் செலவழிக்கும் அந்த நாடு, எரிபொருளில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைப்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது எத்தனை அணு உலை, எத்தனை அனல் நிலையம் என்ற கணக்கோடு நிறுத்திக்கொண்டார். உற்பத்தி நிலையத்திலிருந்து ஊர்களுக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மின் தொடரமைப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த இடத்தில் மனம் ஒப்பவில்லை. உற்பத்தியாகும் மின்சாரம் தேவைப்படும் ஊருக்குப் போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் ஃபுகுஷிமா அணு உலைகளோடு, கிழக்குக் கடற்கரையின் அனல் நிலையங்கள் பலவும் நின்றுபோயின. மூன்றே நாளில் டோக்கியோ மண்டலத்தில் முறைவைத்து மின்வெட்டு தொடங்கியது. மேற்கே ஒசாகா பக்கம் நிலையங்கள் சேதமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. இருந்தும் போதிய மின்சாரத்தை அனுப்ப முடியவில்லை. காரணம் 1890-களில் இருக்கிறது. அப்போது டோக்கியோ ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் (மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலையும்; இந்த எண்தான் அலைவெண்) ஜெனரேட்டர்களை வாங்கியது. ஒசாகா அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர்களை வாங்கியது. ஃபுஜி ஆற்றையொட்டி அந்தப் பிளவு இன்றும் நீடிக்கிறது. அலைவெண் வேறுபட்ட இரண்டு கட்டமைப்புகளை நேராக இணைக்கவே முடியாது. நேர்மின்னோட்டமாக மாற்றி, மறுபடி மாறுமின்னோட்டமாக்கித்தான் கடத்த வேண்டும். அன்று அதற்கு இருந்த வசதி மொத்தமே ஏறத்தாழ 1,000 மெகாவாட். முந்தைய கோடையில் டோக்கியோ மண்டலத்தின் உச்சத் தேவையோ 60,000 மெகாவாட்டை ஒட்டி இருந்தது.

விளைவை மக்கள் சுமந்தார்கள். 2011 ஜூலையிலிருந்து, 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஒப்பந்தம் வைத்திருந்த நிறுவனங்கள் பகல் நேரத் தேவையில் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. 1974-க்குப் பிறகு அப்படியோர் உத்தரவு அதுவே முதல் முறை. கார் தொழிற்சாலைகள் வியாழனும் வெள்ளியும் மூடி, சனியும் ஞாயிறும் ஓடின. ஞாயிற்றுக்கிழமை குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று பெற்றோர் அலைந்தார்கள். மெகாவாட் பேசும்போது இந்த அலைச்சலை நாம் மறந்துவிடக் கூடாது.

2018-இல் நடந்தது இன்னும் என்னை உறுத்துகிறது. செப்டம்பர் 6 அதிகாலை ஹொக்கைடோ தீவில் நிலநடுக்கம். தீவின் தேவையில் பாதியளவை அந்த நேரத்தில் ஒரே நிலக்கரி நிலையம் கொடுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுக்காமல் அலைவெண் சரிந்தது. இருபது நிமிடத்துக்குள் தீவு முழுவதும் இருண்டது. பாதிக்கப்பட்ட வீடுகள் 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. டோக்கியோ இருக்கும் பெரிய தீவான ஹொன்ஷுவோடு ஹொக்கைடோவை இணைத்த கடலடிக் கேபிளின் திறன் 600 மெகாவாட்தான். உதவிக்கு வந்த அந்த மின்சாரம் போதவில்லை. சரியாக அடுத்த மாதம், தெற்கே கியூஷு தீவில் வெயில் நன்றாக அடித்த நாளில், உபரியை வெளியே அனுப்ப இடமில்லாமல் சூரிய மின் நிலையங்களின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். ஒரே நாட்டில், ஒரே இலையுதிர் காலத்தில்!

எரிபொருள் இருப்பிலும் இதே கோணம் வேண்டும். ஜப்பான் கச்சா எண்ணெயை 200 நாளுக்கு மேல் தாங்கும்படி சேமித்து வந்திருக்கிறது. மின்சாரத்துக்கு முக்கியமான, திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரியில் வைக்க வேண்டும், தொட்டியில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும் என்பதால் இரண்டு மூன்று வார இருப்புதான் வழக்கம். 2021 ஜனவரிக் குளிரில் அது குறைந்தபோது மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை ஒரு யூனிட்டுக்கு 251 யென் வரை போனது.

அலைவெண் மாற்றும் திறன் 2021-இல்தான் 2,100 மெகாவாட்டுக்கு உயர்ந்தது. 3,000 மெகாவாட் என்பது அடுத்த இலக்கு. பேரழிவு நடந்து பத்து ஆண்டு ஆகியும் இவ்வளவுதான். பாதை கிடைப்பதும், மலைகளின் குறுக்கே கோபுரம் நிறுத்துவதும், அந்தச் செலவை எந்த மண்டலத்து நுகர்வோர் தலையில் வைப்பது என்று முடிவெடுப்பதும் புது நிலையம் கட்டுவதைவிடக் கடினம். அவசரக் காலத்துக்காகப் போட்டு வைக்கும் கம்பி, மற்ற நாட்களில் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். நிதி ஒதுக்குவோர் அதை வீண் செலவென்று வெட்டுவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதே கட்டுரையாளரிடம் இந்த இணைப்புப் பாதைகளைப் பற்றியும், அவற்றுக்கான செலவைப் பங்கிடும் முறையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். ஒரு இதழில் முடியாவிட்டால் இரண்டு இதழ்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவர்