ஆவணப்படுத்தினோம் என்கிறீர்கள், சரி, எங்கே வைத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் ஒரு கோயில் திருவிழாப் படத்துக்குக் கீழே "நிகழ்ச்சி முழுவதும் ஆவணப்படுத்தப்பட்டது" என்று போட்டிருந்தீர்கள். விசாரித்தால், யாரோ ஒரு தம்பி கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதே பதிப்பின் உள்பக்கத்தில் "காப்பகத்தில் பழைய ஏடுகள்" என்று ஒரு தலைப்பு. முதியோர் காப்பகத்துக்கு யாரோ புத்தகம் தானம் கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டே படித்தால், கடைசியில் அது கோலாலம்பூர் அர்கிப் நெகாரா, அதாவது மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம் பற்றிய செய்தி! நம் நாட்டில் காப்பகம் என்று மொட்டையாக எழுதினால் அநாதைப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆவணக் காப்பகம் என்று முழுதாகப் போடுங்கள். நீளம் இடிக்கிறதென்றால் ஆவணகம் இருக்கிறதே, இலங்கைத் தமிழர்கள் நடத்தும் நூலகம் நிறுவனம் தன் இணையத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது.

சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சென்னை எழும்பூரில் 1909-லிருந்து நிற்கும் சிவப்புக் கட்டடத்தில் இருப்பது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சிங்கப்பூரிலும் தேசிய ஆவணக் காப்பகம் என்றே சொல்கிறார்கள். இலங்கையில் அரசுத் துறையின் பெயரிலேயே சுவடி வருகிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்று எழுதிப் பதிந்த இடத்துக்கு ஆவணக்களரி என்று பெயர். களஞ்சியம், பெட்டகம், கருவூலம் எல்லாம் அழகான சொற்கள்தான், ஆனால் அவை மேடைக்கு. களஞ்சியத்தில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். ஆவணகத்தில் அப்படி முடியாது, எது யாரிடமிருந்து வந்தது, எந்த அடுக்கில் இருக்கிறது என்று பட்டியல் இருக்க வேண்டும், இருபது வருஷம் கழித்து ஒருவன் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

நம் பெரியவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்துக்கு வந்த கிழவர் அடிமை ஓலை இருக்கிறது என்கிறார், சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி, மூல ஓலை வேறு இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் சபை வரைக்கும் போகிறார். சபையார் உடனே நம்பிவிடவும் இல்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு. சிவபெருமானே வந்தாலும் அசலைக் காட்டத்தான் வேண்டும். (சேக்கிழார் சோழர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பார்கள், அந்த வாசனை இந்தப் பகுதியில் நன்றாகவே அடிக்கிறது.)

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். தோட்டம் கைமாறியபோது ஆபீசில் இருந்த, தொழிலாளர் வேலை நாளைப் பதியும் செக்ரோல் புத்தகங்களையும் மருந்துக்கொட்டாய் நோட்டுகளையும் பின்பக்கம் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை, பழைய குப்பைதானே. எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் இருந்தார்கள், எந்த மாதம் யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் பேர் எப்போது நின்றது, எல்லாம் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கையெழுத்தில் அதில் இருந்தது. அப்புறம், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டையோடு பதிவு இலாகாவுக்கு நடையாய் நடந்த எங்கள் லயத்துப் பெரியம்மாவிடம், இந்த நாட்டில்தான் பிறந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருந்திருந்தால் பேசுவதற்கு ஒரு பிடியாவது கிடைத்திருக்கும்.

ஜப்பான்காரர்கள் ஆட்சியில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் கதையும் இதேதான். 1942, 43-இல் தோட்டங்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுதான் உண்டு, முழுப் பெயர்ப்பட்டியல் கிடையாது. அந்த ரயில் பாதையில் உள்ள தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல். அவர்கள் படைக்குப் பெயர்ப்பதிவு இருந்தது.

கம்பெனிப் புத்தகம் போனது போகட்டும், நம் கையில் இருப்பதையாவது பார்ப்போம். எங்கள் மாரியம்மன் கோயில் கணக்கு நோட்டு ஒன்று தப்பியிருக்கிறது. நீள நோட்டு, அட்டை கழன்று சணல் கயிறு போட்டுக் கட்டியது. வரவுப் பக்கத்தில் லயம் வாரியாகச் சந்தா, செலவுப் பக்கத்தில் கற்பூரம், தேங்காய், உறுமிக்காரருக்குக் கூலி, ஓரத்தில் கரையான் தின்ற ஓட்டை. வேலை நிறுத்தம் நடந்த வருஷம் சந்தாப் பக்கம் பாதிக்குமேல் காலி. அந்த வருஷத்துக் கஷ்டத்தை அப்படியே காட்டும் வேறெந்தக் காகிதமும் எங்களிடம் இல்லை. நிர்வாகத்தில் ஒருவர் இதை லேமினேட் பண்ணிக் கண்ணாடிக்குள் மாட்டலாம் என்றார். தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சூடு பட்டுக் காகிதம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை கறையாக ஊறிவிடும். துருப்பிடித்த ஊசியை எடுத்துவிட்டு, ஈரமில்லாத இடத்தில் பெட்டியில் வையுங்கள். படம் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது படிதான்.

அர்கிப் நெகாரா என்றால் மந்திரிமார் கோப்பு மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1957 டிசம்பரில் பொதுப் பதிவு அலுவலகமாகத் தொடங்கி, 1963-இல் இந்தப் பெயருக்கு மாறிய இலாகா அது. இப்போது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. தனி ஆட்களும் சங்கங்களும் கொடுக்கும் ஆவணங்களையும் அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் என்ன நஷ்டம்? பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எத்தனை பள்ளி ஸ்டோர் ரூமில் பக்கெட்டுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் கிடக்கின்றனவோ.

கடைசியாக உங்களிடமே ஒரு கேள்வி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது, பழைய இதழ் ஒன்று வேண்டுமென்றால் எங்கே போய்க் கேட்பது என்று எங்கள் ஊரில் சொல்ல ஆளில்லை. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமோ தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியிருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் அச்சாகும் பத்திரிகைகளின் படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும், உங்களுடையதும் போகிறது என்றே நினைக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் எந்த வருஷத்திலிருந்து இதழ்கள் இருக்கின்றன, வெளியாள் வந்து பார்க்கலாமா, எந்தக் கிழமை வரலாம் என்று ஒரு மூலையில் போட்டீர்களென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்